மந்தமும் மேதைமையும்: ஒரு வரலாற்று நோக்கு

பாகவத புராணத்தின் ஐந்தாம் கந்தம் ஜடபரதரின் சரிதத்தைக் கூறுகின்றது. பேச்சொழிந்து, சொன்னதை விளங்காதவர்போல் ஒழுகிய அவரைத் தமையன்மார் மூடன் என ஒதுக்கி வயற்காவலில் விட்டனர். ஒரு நாள் இரகூகணன் என்னும் அரசனின் பல்லக்கைச் சுமக்க ஆள் குறைந்தபோது, ஏவலர் வழியிற் கண்ட அவரைப் பிடித்துக் காவுதண்டின் கீழ் நிறுத்தினர். நடை ஒவ்வாது பல்லக்குக் குலுங்கவே, அரசன் வெகுண்டு இகழ்ந்தான். அதற்கு அவர் அளித்த மறுமொழியின் ஞானத்தைக் கேட்டுத் திடுக்குற்ற அரசன் பல்லக்கினின்று இறங்கி அவர் திருவடியில் வீழ்ந்தான். குமரகுருபர அடிகள் ஐந்தாண்டு நிரம்பும்வரை ஊமையாயிருந்து, திருச்செந்தூரிற் பேச்சு வரப்பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடினார் என்பதும் தமிழர் வழிவழியாகக் கூறும் செய்தி.

இவ்வரலாறுகள் பத்தியை வளர்க்க எழுந்தவை. இவற்றை மருத்துவச் சான்றாகக் கொள்ளுதல் முறையன்று. ஜடபரதர் பூண்டது வேடமேயன்றி நோயன்று. ஆயினும், வாய் பேசாமையையும் நடை பிறழ்தலையும் கொண்டு ஒருவனது அகத்தை அளந்துவிடலாகாது என்ற எச்சரிக்கை நம் முன்னோர் சிந்தனையில் இருந்தமைக்கு இவை சான்றாகும். அவ்வெச்சரிக்கையை மேலைநாட்டு மருத்துவம் கற்றுக்கொள்ள ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. மூளை வளர்ச்சியிற் குறைபாடுடையோரிடத்து ஓரொரு துறையில் வியத்தகு ஆற்றல் காணப்படும் உண்மையை உலகம் எவ்வாறு கண்டது, கண்டு என் செய்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஊவா மலைநாட்டிற் கற்பிப்போர்க்கு இஃது அயலார் கதையன்று என்பது இறுதியிற் புலப்படும்.

கல்லாமையும் அறியாமையும்

இங்கிலாந்தில் டேர்பிசயர்ப் பகுதியைச் சேர்ந்த எல்ம்ற்றன் என்னுஞ் சிற்றூரில் வாழ்ந்தவர் ஜெடடையா பக்ஸ்ற்றன் (1707–1772). அவர் தந்தை ஒரு பள்ளி ஆசிரியர். மகனோ தன் பெயரையும் எழுதக் கல்லாது வயல் வேலை செய்து வாழ்ந்தார். ஆனால் மிகப் பெரிய எண்களை மனத்திலேயே பெருக்கி, வேலைக்கிடையே பல நாள்கள் வைத்திருந்து, விட்ட இடத்தினின்று தொடரும் வல்லமை அவரிடம் இருந்தது. 1754இல் அவர் இலண்டன் சென்றபோது இராயல் சங்கத்தார் அவரைச் சோதித்தனர். புகழ்பெற்ற நடிகர் கரிக் நடித்த நாடகத்துக்கும் அவரை அழைத்துச் சென்றனர். நாடகம் எவ்வாறிருந்தது என வினவியவர்களுக்கு, நடிகர் பேசிய சொற்களின் தொகையையும் ஆடியோர் வைத்த அடிகளின் தொகையையுமே அவர் கூறினார். கதையின் சுவை அவரை எட்டவில்லை. அதனுள் இருந்த எண் ஒன்றும் தப்பவில்லை.

அதே நூற்றாண்டில், அத்திலாந்திக் கடலுக்கு அப்பால், வேர்ஜீனியாவிலே தோமஸ் புல்லர் என்னும் அடிமை வாழ்ந்தார். ஏறத்தாழ 1710இல் ஆபிரிக்காவிற் பிறந்து, பதினான்கு வயதளவிற் கப்பலேற்றப்பட்டு, வாழ்நாள் முழுவதும் தோட்ட வயல்களில் உழைத்தவர் அவர். எழுதவோ வாசிக்கவோ அறியார். முதுமையில் அவரைக் காண வந்தோர், 70 ஆண்டு 17 நாள் 12 மணி வாழ்ந்த ஒருவன் எத்தனை விநாடி வாழ்ந்தான் என வினவினர். ஒன்றரை நிமிடத்தில் 2,210,500,800 என்று விடை வந்தது. தாளிற் கணக்கிட்டுக் கொண்டிருந்தவர் அத்தொகை மிகை என மறுத்தார். இடையில் வரும் நெட்டாண்டுகளை அவர் மறந்துவிட்டதைப் புல்லர் சுட்டிக்காட்டினார். எழுபது ஆண்டுகளில் வரும் 17 நெட்டாண்டு நாள்களையும் சேர்த்துப் பார்த்தபோது புல்லரின் விடையே சரியாயிற்று. வைத்தியர் பெஞ்சமின் றஷ் இச்செய்தியை உலகறியச் செய்தார். அடிமை முறையை எதிர்த்தோர் இதனைத் தம் வழக்குக்குச் சான்றாக எடுத்துக்கொண்டனர்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பிற்கால மருத்துவ நூல்கள் சில புல்லரையும் மந்த புத்தியுடைய மேதையரின் பட்டியலிற் சேர்த்துள்ளன. ஆனால் தம்மைச் சோதித்தவரின் பிழையைக் கண்டு, அதன் காரணத்தையும் எடுத்துக் கூறியவரை மந்தர் என்பதற்கு என்ன ஆதாரம் உண்டு? அவர் எழுத்தறியார், அடிமையாயிருந்தார் என்பனவன்றி வேறு வலுவான ஆதாரம் இல்லை. கல்வி மறுக்கப்பட்டமையால் நேர்ந்த கல்லாமை ஒன்று. மூளையின் இயல்பால் நேரும் குறை வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டமையே இவ்வரலாற்றின் முதற் பெரும் பிழையாகும்.

காட்சிப்பொருளான கலைஞன்

இரண்டாவது பிழை இதனினும் கொடியது. 1849இல் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர் தோமஸ் விக்கின்ஸ். பிறவிக் குருடர். மழலைப் பருவத்திலேயே பெற்றோருடன் பெத்தூன் என்னும் செல்வருக்கு விற்கப்பட்டார். பேச்சுத் திருந்தாத அக்குழந்தை, வீட்டுப் பெண்கள் பியானோ வாசிக்கக் கேட்டு, அவற்றைத் தானே வாசிக்கத் தொடங்கியது. எட்டு வயதளவில் அரங்கேறினார். 1860இல் அமெரிக்க சனாதிபதி புக்கானன் முன்னிலையில் வெள்ளை மாளிகையில் வாசித்தார். ஒரு முறை கேட்ட இசையை மீள வாசிக்கும் திறத்தைச் சோதித்தறிவதே மக்களுக்குப் பெரும் பொழுதுபோக்காயிற்று. ‘குருட்டுத் தொம்’ என்ற பெயரே விளம்பரப் பலகைகளில் இடம்பெற்றது.

1865இல் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. தொம் விடுதலை பெற்றாரா? பெறவில்லை. தம் காரியத்தைத் தாமே பார்க்கும் மனநிலை அவருக்கு இல்லை என்ற காரணங்காட்டி, பழைய உடைமையாளர் பாதுகாவலராயினர். அரங்குகள் நிறைந்தன, பெரும் பொருள் குவிந்தது, அதனை நுகர்ந்தவர் அவரல்லர். 1887இல் நீதிமன்றத் தீர்ப்பொன்றால் அவர்மீதான பாதுகாப்புரிமை அக்குடும்பத்துள்ளேயே மற்றொருவர் கைக்கு மாறியது. 1908இல் அவர் இறந்தார். அவரது ஆற்றலைக் காணாதவர் எவருமிலர். அவரை ஒரு மனிதராகக் கண்டவரே அரியர். ஆற்றலைக் கண்டு வியத்தல் வேறு, ஆற்றலுடையானை மதித்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெயரிட்டவரும் பட்டறை தந்தவரும்

ஊவாப் பகுதி 1886இல் தனி மாகாணமாக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு, 1887இல், வைத்தியர் ஜோன் லாங்டன் டவுன் இலண்டன் மருத்துவச் சங்கத்தில் ஆற்றிய விரிவுரைகளில் நாம் ஆராயும் நிலைக்கு ஒரு பெயரை வழங்கினார். ‘பேதை அறிஞர்’ என அதனைத் தமிழாக்கலாம். இன்று டவுன் சகசம் என வழங்கும் பிறவி நிலையை 1866இல் விவரித்தவரும் இவரே. 1858 முதல் 1868வரை ஏள்ஸ்வூட் என்னும் காப்பகத்தின் வைத்திய அத்தியட்சராயிருந்து தாம் நேரிற் கண்டவற்றை அவர் எடுத்துரைத்தார்.

அவர் கண்ட சிறுவன் ஒருவன், உரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிக் கிபன் எழுதிய பெருநூலைப் பாராது ஒப்புவிப்பான். பொருள் ஒன்றும் அறியான். முதன்முறை வாசித்தபோது ஒரு வரியைத் தவறவிட்டு, பின் உணர்ந்து மீண்டு அதனை வாசித்தான். அதன்பின் எத்தனை முறை ஒப்புவித்தாலும், அவ்விடம் வந்ததும் வரியைத் தவறவிட்டு மீண்டு வந்தே ஓதினான். திருத்தத்தோடு பிழையும் அவன் நினைவிற் பதிந்துவிட்டது. பொருளுணராது நெட்டுருப் பண்ணுதலையே கல்வியென மயங்கும் எவருக்கும் இச்சிறுவனின் கதை சிந்தனைக்குரியது.

நினைவாற்றலை வளர்க்கும் கலை தமிழருக்குப் புதியதன்று. 1907இல் செய்குத்தம்பிப் பாவலர் சென்னை விக்டோரியா மண்டபத்திற் சதாவதானம் செய்து புகழ்பெற்றார். ஆனால் அவதானியின் நினைவு கல்வியாலும் பயிற்சியாலும் கைவந்தது. நூறு பொருளையும் வேறு வேறாக உணர்ந்து நிற்பது. டவுன் கண்ட நினைவோ பயிற்றுவிப்பாரின்றித் தானே ஓடுவது. இரண்டும் வியப்புக்குரியனவே எனினும், ஒன்றெனக் கொள்ளலாகாது.

ஏள்ஸ்வூட் காப்பகத்திலேயே நற்பேறு பெற்ற ஒருவர் வாழ்ந்தார். ஜேம்ஸ் ஹென்றி புல்லன் (1835–1916) செவிப்புலன் குன்றியவர். சில சொற்களுக்கு மேற் பேச அறியாதவர். 1850இல், பதினைந்து வயதில், அங்கு சேர்க்கப்பட்டார். எழுத்தும் எண்ணும் அவருக்கு ஏறவில்லை. அவர் கைகளோ மரத்தையும் உலோகத்தையும் நன்கறிந்திருந்தன. அதனைக் கண்ட நிருவாகத்தினர் அவருக்குத் தச்சுத்தொழில் பயிற்றி, பட்டறையும் அளித்தனர். ‘கிரேற் ஈஸ்ரேண்’ என்னும் பெருங்கப்பலின் பத்தடி நீள மாதிரியை அவர் ஏழாண்டு உழைத்து அமைத்தார். அதற்கு வேண்டிய ஆணி, கப்பி, மரத்துண்டு யாவும் அவர் கைப்படச் செய்தனவே. பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னராகிய இளவரசர் அவர் வேலைக்கென யானைத் தந்தங்கள் அனுப்பினார். புல்லன் காப்பகத்தை விட்டு வெளியேறவில்லை. தம் விருப்பப்படி வாழும் உரிமை அவருக்கும் கிட்டவில்லை. எனினும் தொம் பெறாத ஒன்றை அவர் பெற்றார்: தமக்கென ஒரு தொழில், அத்தொழிலுக்கென ஓர் இடம்.

சோள வயலில் ஒரு பாடம்

1943இல் வைத்தியர் லியோ கனர் அமெரிக்காவின் போல்டிமோர் நகரிற் பதினொரு குழந்தைகளின் இயல்புகளை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேகர் ஒத்த இயல்புடைய சிறுவரைப் பற்றி எழுதினார். சோவியத் நாட்டு வைத்தியர் சுகரேவா 1925இலேயே இத்தகையோரை இனங்கண்டிருந்தார். இன்று ஓட்டிசம் அல்லது மதியிறுக்கம் எனப்படும் நிலை இவ்வாறே மருத்துவ நூல்களில் இடம்பெற்றது.

கனர் விவரித்த முதற் குழந்தை டொனால்ட் ற்றிப்லெற் (1933–2023). மிசிசிப்பி மாநிலத்துப் பொறஸ்ற் என்னுஞ் சிறுநகரைச் சேர்ந்தவர். மூன்று வயதாகுமுன்பே நெடும் பாடல்களை ஒப்புவிப்பார். அழைத்தால் திரும்பிப் பாரார். வைத்தியர் ஆலோசனைப்படி 1937இற் பெற்றோர் அவரை ஒரு விடுதியிற் சேர்த்தனர். மறு ஆண்டே மனம் பொறாது மீட்டுவந்தனர். 1942இல் அவரை அண்மையிலிருந்த கமக்காரத் தம்பதியரிடம் வளரவிட்டனர். 1945இல் அங்கு சென்ற கனர் கண்ட காட்சி இவ்வரலாற்றில் நெடிது நினைக்கத்தக்கது. அளப்பதில் ஓயாத நாட்டமுடைய அச்சிறுவனைக் கிணறு வெட்டச் செய்து, அதன் ஆழத்தை அளந்து கூறுமாறு அவர்கள் பணித்திருந்தனர். சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தபோது, உழுதுகொண்டே எண்ணுமாறு ஏர் பிடிக்கக் கற்பித்திருந்தனர். அயலிலிருந்த கிராமப் பாடசாலையும் அவன் விசித்திரங்களைப் பொறுத்து ஏற்றுக்கொண்டது.

அத்தம்பதியர் மருத்துவரல்லர், உளவியல் கற்றவருமல்லர். குழந்தையின் நாட்டத்தைத் தடுக்காது, அதற்கு ஒரு பயனைக் காட்டினர்; அவ்வளவே. டொனால்ட் 1958இற் கல்லூரிப் பட்டம் பெற்றார்; ஊரிலுள்ள வங்கியில் நெடுங்காலம் பணிபுரிந்தார்; 27 வயதில் மோட்டார் வண்டி ஓட்டக் கற்றார்; உலகின் பல நாடுகளைத் தனியே சுற்றிவந்தார். பாடசாலைக் கட்டடத்தின் செங்கற்களை ஒரு பார்வையில் எண்ணிக் கூறியவர் என ஊரார் அவரை நெடுநாள் புகழ்ந்தனர். முதுமையில் அதுபற்றி வினவியபோது, பிற மாணாக்கர் தம்மை நன்கு மதிக்க வேண்டுமென்றே ஏதோ ஓர் எண்ணைக் கூறியதாக அவர் ஒப்புக்கொண்டார். மேதை எனக் கருதப்பட்டவர் வேண்டியது மேதைப் பட்டமன்று. தோழரிடையே ஓர் இடம்.

இன்று அறிந்தவை

‘பேதை’ என்னும் இழிசொல்லை நீக்கி இந்நிலைக்கு வேறு பெயர் வழங்கச் செய்தவருள் முதன்மையானவர் அமெரிக்க வைத்தியர் டரோல்ட் றெபர்ற் (மறைவு 2020). இசை, ஓவியம், நாட்கணிப்பு, எண்கணிதம், பொறியமைப்பும் இட அளவையும் ஆகிய ஐந்து துறைகளிலேயே இவ்வாற்றல் பெரும்பாலும் தோன்றும் என அவர் வகுத்தார். 1978இல் பேர்னாட் றிம்லண்ட் வெளியிட்ட ஆய்வின்படி, மதியிறுக்கமுடைய 5,400 குழந்தைகளுள் 531 பேரிடம் தனித்திறன் இருந்ததாகப் பெற்றோர் தெரிவித்தனர். அதாவது பத்தில் ஒருவருக்கு அண்மித்த தொகை. பத்தில் ஒன்பது பேரிடம் அத்தகைய திறன் காணப்படவில்லை என்பதும் இதனுள் அடங்கும். மதியிறுக்கமுடைய குழந்தைகள் அனைவரும் மறைந்த மேதைகள் என்பார் கூற்று, அன்பினால் எழுந்ததாயினும், உண்மையன்று.

நாட்கணிப்பு என்பது யாது? எந்த ஆண்டின் எந்தத் தேதியைக் கூறினும் அதன் கிழமையை நொடியிற் கூறுதல். இலண்டனில் ஹேர்மலின், ஓகொனர் என்னும் ஆய்வாளர் இருவர், இத்திறனுடையோர் வெறும் மனனத்தால் அன்றி, நாட்காட்டியின் உள்ளொழுங்கைப் பற்றிக்கொண்டே விடை காண்கின்றனர் எனக் காட்டினர். சாதாரண ஆண்டு 52 வாரமும் ஒரு நாளும் கொண்டது. ஆதலால் ஒரு தேதியின் கிழமை ஆண்டுதோறும் ஒன்று முன்னேறும். நெட்டாண்டு நாளைத் தாண்டும்போது இரண்டு முன்னேறும். இருபத்தெட்டு ஆண்டுகளில் அவை சுற்றி மீளும். புகையிரதம் பதுளையை அடைந்த 1924ஆம் ஆண்டின் நாட்காட்டியே 1952க்கும் 1980க்கும் 2008க்கும் பொருந்தும். இவ்வொழுங்கை எவரும் கற்பியாமலே, பெருக்கல் வாய்பாடும் அறியாத ஒருவர் கண்டுகொள்ளுதல் கூடும். அறிவு என்பது ஒரே ஏணியிற் படிப்படியாக ஏறுவது என்ற கொள்கை இங்கு ஆட்டங் காண்கின்றது.

மூளை நூலாரும் இதற்கு விளக்கந் தேடினர். முன்மூளை நலியும் ஒருவகை மறதிநோயில், முன்னர் ஓவியம் அறியாத சிலர் முதுமையில் தீட்டத் தொடங்கியதை வைத்தியர் புறூஸ் மில்லர் 1990களில் விவரித்தார். மூளையின் ஒரு பகுதி தளரும்போது மற்றொன்று தடையின்றி இயங்கலாம் என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது. சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்காவிற் பணிபுரியும் விளையனூர் இராமச்சந்திரன், சிறு வயதிலேயே உயிர்த்துடிப்புள்ள குதிரைகளை வரைந்த நாடியா என்னும் இங்கிலாந்துச் சிறுமியின் ஓவியங்களை இவ்வழியில் விளக்க முற்பட்டார். இவை யாவும் விளக்க முயற்சிகளே. முடிந்த முடிபு இன்னும் எய்தப்படவில்லை.

ஆனால் கற்பித்தல் பற்றிய ஓருண்மை தெளிவாயுள்ளது. 1974இல் இலண்டனிற் பிறந்த ஸ்ரீபன் வில்ட்சயர் குழந்தைப் பருவத்திற் பேசவில்லை. ஓயாது படம் வரைந்தார். பாடசாலை ஆசிரியர்கள் வரைபொருள்களைச் சற்றே எடுத்து வைத்து, வேண்டியதைக் கேட்கும்படி ஊக்கினர். அவர் வாயினின்று பிறந்த முதற்சொல் ‘தாள்’ என்பது. இன்று, ஒருமுறை வானிலிருந்து பார்த்த நகரத்தை நினைவினின்று தீட்டும் ஓவியராக அவரை உலகம் அறியும். திறனே மொழிக்கு வாயிலாயிற்று. குறையை மட்டும் நோக்கியிருப்பின் அவ்வாயில் திறந்திராது.

ஊவாத் தோட்டங்களுக்கு இதன் பொருள்

தமிழகத்தினின்று கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து பதுளை, அப்புத்தளை, பண்டாரவளை, பசறை மலைகளிற் குடியேறிய மக்களை எழுத்தறிவற்ற கூட்டம் என்றே பிறர் கணித்தனர். புல்லருக்கு நேர்ந்த பிழை இவர்களுக்கும் நேர்ந்தது. ஏட்டைக் காணாத இம்மக்களே காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கர் கதையையும் நாவிலும் நெஞ்சிலும் சுமந்துவந்து தலைமுறைகளுக்கு அளித்தனர். பிரட்டுக்களத்திற் பேர் பதிந்தவர்க்கு அவர்கள் கை மட்டுமே தெரிந்தது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கின. நடைமுறையில் அமைந்தவை பெரும்பாலும் ஓரறையும் ஓராசிரியரும் கொண்ட பாடசாலைகள். பல வகுப்பும் ஒருங்கே இருந்த அவ்வறைகளில், பேசாத பிள்ளைக்கும் ஓரிடத்தில் இராத பிள்ளைக்கும் ஆசிரியர் ஒதுக்கக்கூடிய நேரம் எவ்வளவு? அத்தகைய பிள்ளை லயத்திலேயே தங்கியது. அல்லது பின்வாங்கில் அமர்ந்து, பின் அதுவும் நின்றது. 1970களில் அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரைப் பாடசாலை அனுமதியிற் பாகுபடுத்தலாகாது என விதித்தது. 1998 தொடக்கம் 5 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2016இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்ந்தது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்த பிள்ளையை நோக்கும் கண் ஆசிரியருடையதாதல் வேண்டும்.

அக்கண் எதை நோக்க வேண்டும் என்பதை மேற்கூறிய வரலாறுகள் உணர்த்துகின்றன. கொழுந்துக்கூடைகளின் நிறையை வாய்க்கணக்காய்க் கூட்டும் பிள்ளை எழுத்துக்கூட்ட இயலாதிருக்கலாம். கூத்துப் பாட்டு முழுவதையும் ஒரு முறை கேட்டுப் பாடும் பிள்ளை, பெயர் கேட்டால் வாய்மூடி நிற்கலாம். அத்திறனைக் கண்டுகொள்ளுதல் முதற் கடமை. அதனை மேடையேற்றிக் கைதட்டுப் பெறுவதோடு நின்றுவிடாமை இரண்டாங் கடமை. அவ்வாறு நிற்பின், தொம்மின் உடைமையாளருக்கும் நமக்கும் வேற்றுமையில்லை. கமக்காரத் தம்பதியர் செய்ததுபோல் அத்திறனைப் பயனுள்ள ஒரு தொழிலோடும் சக மாணாக்கரோடும் பிணைத்துவிடுதல் மூன்றாவது.

இம்மூன்றினும் மேலான கடமை ஒன்றுண்டு. பத்திற் பெரும்பான்மையோரிடம் வியத்தகு திறன் எதுவும் வெளிப்படாது. எண்ணவும் பாடவும் வரையவும் அறியாத அப்பிள்ளைக்கும் வகுப்பில் இடம் வேண்டும். திறன் உண்டென்பதற்காக ஒருவனை மதிப்போமாயின், திறன் இல்லாதவனை இகழும் உரிமையை நாமே எடுத்துக்கொண்டவராவோம். இரகூகணன் பல்லக்கினின்று இறங்கியது, சுமந்தவர் ஞானி என்று அறிந்த பின்னரே. தோளில் நோவுடன் சுமப்பவர் எவராயினும், அவர் வாய் திறக்குமுன்பே இறங்க வேண்டியது நம் கடன்.